ஒரு நம்பருக்கு ஒரு ஆள்

அந்தப் பெண்ணை வேலையைவிட்டுத் துரத்தியது நான்தான் என்று பழைய அலுவலகத்து ஆட்கள் இரண்டு பேர் இன்னும் சொல்லிக்கொண்டு திரிவதாகக் கேள்வி. சொல்லட்டும். மற்றவர்கள் என்மேல் இரக்கப்பட்டு, கம்ப்யூட்டர் மாற்றியபோது நடந்த கோளாறு என்கிறார்கள். அதுதான் பொய். கம்ப்யூட்டர் சொன்னதைச் செய்தது. சொன்னவள் நான்.

மரியாதைக்கு அவளை ‘அவர்’ என்று எழுதலாம். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள், நேரில் ‘அக்கா’ என்றுதான் கூப்பிட்டேன். ஆனால் மனதுக்குள் அன்றைக்கு அவள் ‘அவள்’தான். இத்தனை வருடம் கழித்துத் திருத்தி எழுதக் கை வரவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஆயத்த ஆடை தைக்கும் கம்பெனி ஒன்று. தொழிற்சாலை கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் இருந்தது. ஆள்விவரம் பார்க்கும் அலுவலகம் மட்டும் இக்கரையில், ஜார்ஜ்டவுனில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்கு ஒரு சந்து தள்ளி இரண்டாவது மாடியில். ஆயிரத்துச் சொச்சம் தையல்காரப் பெண்களின் விவரமும் அங்கே இரும்பு பீரோ அளவில் இருந்த ஒரு பழைய இயந்திரத்துக்குள் கிடந்தது. அதைப் புதிய டேட்டாபேஸுக்கு மாற்றித்தர என்னை வேலைக்கு எடுத்தார்கள். கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவள் என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

அந்தப் பழைய இயந்திரத்தைப் பத்து வருடமாகக் கட்டிக் காத்தவள் அவள். பைராம் என்ற ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பிறையில் தையல் மெஷினில் உட்கார்ந்து, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று அலுவலகத்துக்கு மாற்றப்பட்டவள். அக்கரையிலேயே பாகான் டாலாமில் குடியிருந்தாள். தினமும் ஃபெரியில் வருவாள். வந்ததும் திரைமேல் போர்த்தியிருக்கும் குளியல் துண்டை எடுத்து உதறி மடித்து வைத்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவாள். சாயங்காலம் மறுபடி போர்த்துவாள். அந்தத் துண்டைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதல் நாளே கேட்டாள். “மிஸ் எந்தப் பக்கம்?”

“இங்கதான், டவுன்லயே.”

“சிலோன்காரங்களா?”

“ஆமா.”

“ம்,” என்றாள்.

அந்த ஒரு ‘ம்’முக்காகவே அவளைப் பிடிக்காமல் போனது. எங்கள் தாத்தா அரசாங்க குமாஸ்தா, அப்பாவும் அதே. எங்கள் வீட்டில் ஆட்களைவிடக் காகிதங்கள் அதிகம். பிறப்புச் சான்றிதழ், குடியுரிமைத் தாள், பள்ளிச் சான்றிதழ் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் பிளாஸ்டிக் உறையில் இருக்கும். தோட்டத்திலிருந்து வந்தவர்களைப் பற்றி எங்கள் வீட்டில் என்ன பேசிக்கொள்வார்கள் என்பதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அவளுக்கு அது எழுதாமலே தெரிந்திருந்தது.

‘மிஸ்’ என்பாள், வார்த்தைக்கு வார்த்தை. அதில் மரியாதை ஒரு துளிகூட இருக்காது.

சண்டை முதல் வாரமே தொடங்கிவிட்டது. பழைய அட்டவணையில் வேலையைவிட்டு நின்றதற்கான காரணத்தை ஒற்றை எண்ணாகப் போட்டிருந்தாள். எண்களுக்கு விளக்கம் ஒரு பயிற்சிப் புத்தகத்தில் இருந்தது. அதைக் கேட்டால் வீட்டில் இருக்கிறது என்பாள், மறுநாள் மறந்துவிட்டேன் என்பாள். மேனேஜரிடம் போய்ச் சொன்ன பிறகுதான் அவள் மேசை இழுப்பறையிலிருந்தே வெளியே வந்தது. ஏழு என்றால் கல்யாணம். ஒன்பது என்றால் ஓடிப்போய்க் கல்யாணம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டையும் சேர்த்து ‘திருமணம்’ என்று ஒரே காரணமாக்கி வைத்தேன்.

அவள் அச்சாகி வந்த தாளைப் பார்த்துவிட்டு நேராக என் மேசைக்கு வந்தாள்.

“மிஸ், ஏழும் ஒன்பதும் ஒண்ணா?”

“ரெண்டும் கல்யாணம்தானே?”

“ஏழு போனா போனதுதான். ஒன்பது ஆறு மாசத்துல திரும்பி வரும், அழுதுகிட்டு வந்து நிக்கும், பழைய மெஷினையே கேக்கும். யார் வருவா யார் வரமாட்டான்னு தெரியாம எப்படி ஆள் எடுக்கிறது? படிச்சிருக்கீங்கல்ல, சொல்லுங்க.”

அவள் சொன்னது சரி. சரி என்பதாலேயே நான் மாற்றவில்லை. இப்படித்தான் இருந்தது அந்த வருடம். நான் ஜன்னலைத் திறந்தால் அவள் மூடுவாள். அவள் கோப்பி கலக்கினால் எனக்குத் தவிர எல்லாருக்கும் கலக்குவாள். நானும் சும்மா இல்லை. அவள் பதிவில் எழுத்துப்பிழை கண்டால், நாலு பேர் இருக்கும்போது அவளுடைய முழுப்பெயரையும் சத்தமாகச் சொல்லிக் கூப்பிட்டுக் காட்டுவேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கூப்பிடுவாரே, அப்படி. அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அவள் ஒரு கணம் தாமதித்துத்தான் நிமிர்வாள். அதையும் திமிர் என்றே எடுத்துக்கொண்டேன்.

பெயர் என்றதும் புள்ளி ஞாபகம் வருகிறது. பழைய அட்டவணையில் சில பெண்களின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி இருந்தது. இருபது முப்பது பேர் இருக்கும். குப்பை என்று நினைத்து, பெயர்களைச் சுத்தம் செய்யும் நிரலில் புள்ளிகளைத் துடைத்துவிடும்படி எழுதினேன். எப்படியோ அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“அந்தப் புள்ளியத் தொடாதீங்க,” என்றாள்.

“அது எதுக்கு?”

“எதுக்கோ. இருந்திட்டுப் போகட்டும்லா.”

காரணம் சொல்லாத எதையும் புதிய சிஸ்டத்தில் வைக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். அன்று மத்தியானமே எல்லாப் புள்ளியும் போயிற்று.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கே கடைசியில்தான் தெரிந்தது, ஆனால் வாசிக்கிறவர்களிடம் மறைத்து வைத்து வேடிக்கை காட்ட விருப்பமில்லை. அந்தக் காலத்துத் தோட்டங்களில் பிள்ளை பிறந்தால் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு டவுனுக்குப் போய்ப் பதிய வேண்டும். மூத்த பிள்ளைக்குப் போவார்கள். அடுத்ததுக்கு மழை, அதற்கடுத்ததுக்கு அப்பனுக்குக் காய்ச்சல். பதியாத பிள்ளைக்குச் சூராட்டு, அதாவது பிறப்புப் பத்திரம், கிடையாது. சூராட்டு இல்லாவிட்டால் ஐசி என்கிற அடையாள அட்டை கிடையாது. ஐசி இல்லாவிட்டால் எந்தத் தொழிற்சாலையும் உள்ளே விடாது. ஆகவே தங்கச்சிகள் அக்காவின் ஐசியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். படத்தில் இருப்பது ரெட்டைச் சடை போட்ட கறுத்த முகம், எதிரில் நிற்பதும் அதுவே. ஆள் எடுப்பவர்களுக்கு நம் முகங்கள் எல்லாம் ஒன்றுதான். இப்படி அக்கா பெயரில் தங்கை, சித்தி பெயரில் மகள் என்று எழுபதுகளில் உள்ளே வந்தவர்கள் பலர். யார் இரவல் ஆள் என்று அடையாளம் தெரியத்தான் அவள் அந்தப் புள்ளியை வைத்திருந்தாள்.

அவளும் பதினைந்து வயதில் அப்படி வந்தவள்தான். அவள் பெயருக்குப் பின்னாலும் ஒரு புள்ளி இருந்தது.

சில வருடம் கழித்து ஐசியின் சொந்தக்காரியான அக்காக்களும் வேலை தேடி அதே தொழிற்சாலைக்கு வந்தார்கள். பழைய இயந்திரத்துக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. அது ஆளைத் தொழிற்சாலை நம்பரை வைத்துத்தான் தேடும். இரண்டு பேருக்கு ஒரே பெயர், ஒரே ஐசி இருந்தாலும் வாயைத் திறக்காது. நான் கட்டிய புதிய அட்டவணைக்கு வாய் இருந்தது. அதில் ஐசி எண்ணுக்கு ஓர் இண்டெக்ஸ் போட்டிருந்தேன். இண்டெக்ஸ் என்பது வேறொன்றுமில்லை, புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று இருக்குமே, அதுதான். அதற்கு ‘யுனிக்’ என்ற ஒரு சொல்லையும் சேர்த்திருந்தேன். அந்தச் சொல் இருந்தால் ஒரு எண் ஒரு தடவைதான் வரலாம். இரண்டாம் தடவை வந்தால் இண்டெக்ஸ் உருவாகாது, நின்றுவிடும்.

நின்றது. பதினொரு ஜோடி. பதினொரு ஐசி எண்கள் இரண்டிரண்டு வரிகளில் இருந்தன. நான் எண்களைத்தான் பார்த்தேன், பெயர்களை அல்ல.

அந்தச் சொல்லை எடுத்திருக்கலாம். தொழிற்சாலை நம்பரை ஆளை அடையாளம் காணும் முதல் சாவியாக வைத்துக்கொண்டு ஐசிக்குச் சாதாரண இண்டெக்ஸ் போட்டால் எல்லாம் நடந்திருக்கும். அன்றே எனக்கு அது தெரியும். இதை நன்றாக அழுத்திச் சொல்லிக்கொள்கிறேன். நான் செய்தது, அந்தப் பட்டியலைக் கிழித்து எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனது. அவர் சீனர், பொறுமையான மனிதர், கம்ப்யூட்டர் என்றால் பயம். பழைய பதிவுகள் இந்த லட்சணத்தில் இருக்கின்றன, அந்தப் பெண் எதையோ மறைக்கிறாள் என்று ஆங்கிலத்தில் கோள் மூட்டினேன். அவர் பட்டியலை மேலும் கீழும் பார்த்தார். பெயர்கள் இருந்தன, எண்கள் இருந்தன, எது மெய் எது இரட்டை என்று தெரியவில்லை. தெரிவதற்கிருந்த ஒரே அடையாளத்தை நான்தான் துடைத்திருந்தேன். பதிவு செய்தவளே சொல்லட்டும் என்றார். ஒவ்வொரு ஜோடியிலும் எந்த வரி நீக்கப்பட வேண்டும் என்று சிவப்புப் பேனாவால் அடித்து வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு உத்தரவு போனது.

வியாழக்கிழமை அவள் என் மேசைக்கு வந்தாள். அன்றைக்கு ‘மிஸ்’ இல்லை.

“அந்த லிஸ்ட்ட பழையபடியே விட்டுடுங்களேன். ஃபேக்டரி நம்பர் இருக்குல்ல, அது போதும்லா.”

எனக்கு ஆச்சரியம். இதுவரை அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. கேட்கிற குரல்கூட அவளுக்குப் பழக்கமில்லை, கரகரத்தது.

“காரணம் சொல்லுங்க. பாக்கலாம்.”

“காரணம் சொன்னா மேனேஜர்கிட்ட போய்ச் சொல்லுவீங்க.”

“சொல்லத்தான் செய்வேன்.”

“தெரியும்,” என்றாள். பிறகு என் திரையைக் கைகாட்டினாள். “ஒரு ஆள் வெளிய போயிரும்.”

“ஆளு எங்கக்கா போகுது? ரெட்டை வரிதானே போகுது.”

அவள் தன் மேசைக்குத் திரும்பிப் போனாள். நான் சொன்ன விதத்தில் எனக்கே ஒரு திருப்தி இருந்தது. அடுத்த நிமிடம் வேறு வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை நேரம். கீழே சாலை முழுக்க மோட்டார் சைக்கிள்கள் அடைத்துக்கொண்டு நின்றன. பட்டியலைக் கொண்டுவந்து என் விசைப்பலகைமேல் வைத்தாள்.

“பதினொண்ணும் முடிச்சாச்சி மிஸ். உங்க கம்ப்யூட்டருக்கு இனிமே வயித்து வலி இருக்காது.”

பதினொரு சிவப்புக் கோடுகள். நான் பெயர்களைப் படிக்கவில்லை. அடித்திருந்த வரிகளின் தொழிற்சாலை நம்பர்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தட்டினேன், நீக்கினேன், இண்டெக்ஸை மறுபடி ஓடவிட்டேன். ஒரு முணுமுணுப்பு இல்லாமல் உருவானது. ஒரு வருடச் சண்டையில் ஜெயித்தாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு மத்தியானச் சோற்றுக்கு நாசி கண்டார் வாங்கக் கீழே போனேன். திரும்பி வந்தபோது அவள் நாற்காலி காலியாக இருந்தது. கோபித்துக்கொண்டு அரை நாள் லீவு போட்டுவிட்டாள் என்று நினைத்தேன். துண்டைக் காணவில்லை. ஏழும் ஒன்பதும் எழுதிய அந்தப் பயிற்சிப் புத்தகம் என் மேசைமேல் இருந்தது.

திங்கட்கிழமை புதிய சிஸ்டத்திலிருந்து முதல் வருகைப் பட்டியல் வந்தது. அலுவலகப் பிரிவில் ஒருத்தி குறைந்தாள். அவள் வேலைக்கும் வரவில்லை. நம்பரைப் போட்டுத் தேடினேன், இல்லை. பெயரைப் போட்டேன். ஒரே ஒரு வரி வந்தது: பிறை, தையல் பிரிவு. வெள்ளிக்கிழமைப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். பத்து ஜோடிகளில் ஒவ்வொன்றிலும் ஒருத்தி எப்போதோ வேலையைவிட்டு நின்றிருந்தாள். நின்றவளைத்தான் அடித்திருந்தாள், யாருக்கும் நஷ்டமில்லை. பதினொன்றாவது ஜோடியில் மட்டும் இரண்டு பேரும் வேலையில் இருந்தார்கள். அதில் தன் வரியை அடித்திருந்தாள். மற்றவற்றைக் கையாலேயே இழுத்தவள் அந்த ஒன்றுக்கு மட்டும் ரூலர் வைத்திருந்தாள்.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. என் சிஸ்டத்தைக் கெடுக்க வேண்டுமென்றே செய்திருக்கிறாள் என்று ஆத்திரம்தான் வந்தது. பிறைக்கு டெலிபோன் செய்து, அந்தப் பெயரில் தைக்கிற பெண்ணை ஐசியோடு உடனே அனுப்பச் சொன்னேன். அப்படி ஒரு ஆளே இருக்காது, கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஆள் வந்தார். தொழிற்சாலை ஏப்ரனோடு, நூல் துணுக்குகள் ஒட்டிய முந்தானையோடு. கதவருகில் நின்றார். அதே முகம், மூன்று நான்கு வயது கூடுதலாக.

“நீங்கதான் அந்த மிஸ்ஸா?” என்றார்.

ஐசியை மேசைமேல் வைத்தார். எண் சரி. பெயர் சரி.

“அப்ப அவங்க?”

“என் தங்கச்சி. அவளுக்கு ஐசி கெடையாது. என்னுதத்தான் எடுத்துக்கிட்டு வேலைக்கு வந்தா. எத்தன தடவ போயி மனு போட்டோம், சூராட்டு கேட்டாங்க, தோட்டத்துல கணக்கெழுதுன பழைய கிராணியச் சாட்சிக்குக் கேட்டாங்க, அவரு செத்துட்டாரு. என் வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் எனக்கு இங்க தையல் வேல வாங்கிக் குடுத்ததே அவதான்.”

என் வாய் சும்மா இருக்கவில்லை. “பின்ன ஏன் தன்னோடத அடிச்சாங்க?” என்று கேட்டேன். உங்களுடையதை அடித்திருக்கலாமே என்பதுதான் அதற்கு அர்த்தம். அவருக்கும் அது புரிந்தது.

“நானும் அதத்தான் கேட்டேன். நீ நெச ஆளு, நான் எரவ ஆளு, எரவதான் போவணும்னு சொல்லிட்டா.”

ஐசியை எடுத்து ரவிக்கைக்குள் இருந்த சின்னப் பர்ஸில் வைத்துக்கொண்டார். போகப் போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை.

“வருஷம் பூரா என் பேரச் சொல்லித்தானே மிஸ் திட்டுனீங்க? ராத்திரி சோறு போடும்போது சொல்லுவா, அக்கா இன்னைக்கு உனக்கு நல்லா விழுந்திச்சின்னு. ரெண்டு பேரும் சிரிப்போம்.”

அவர் இப்போது சிரிக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, பதிவில் எதையாவது சரிசெய்து அவளைத் திரும்ப உள்ளே கொண்டுவந்துவிடலாம் என்று ஏதோ உளறினேன். பிறகு, “அவங்க உண்மையான பேர் என்ன?” என்று கேட்டேன்.

“தெரிஞ்சி என்ன செய்யப் போறீங்க? கம்ப்யூட்டர்ல போடப் போறீங்களா?”

அவ்வளவுதான். படியிறங்கிப் போய்விட்டார். அடுத்த மாதம் அவரும் வேறு தொழிற்சாலைக்கு மாறிக்கொண்டார் என்று அறிந்தேன். நின்ற காரணம் என்ற கட்டத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

அவளை எனக்கு இன்றும் பிடிக்காது. ஒரு வருடம் என்னைப் படுத்தியதை மறக்கவில்லை. அவளும் என்னை மன்னித்திருக்க மாட்டாள், மன்னிக்கவும் வேண்டாம். ஆனால் அவள் கேட்டது ஒரு சொல்லை எடுக்கத்தான். அதை நான் எடுக்கவில்லை. அந்த வெட்கத்துக்கு இத்தனை வருடத்தில் வயதே ஆகவில்லை.

அன்று மத்தியானம் அந்தச் சொல்லை எடுத்தேன். யாரையும் கேட்கவில்லை. இண்டெக்ஸை அழித்து, ‘யுனிக்’ இல்லாமல் மறுபடி உருவாக்கினேன். மேசையில் இருந்த கோப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது, யாருக்கும் தெரியவுமில்லை. இனி அதே ஐசியில் இரண்டாவது வரி போடலாம். அவளுடைய வரியை அவளுக்கே திருப்பிக் கொடுப்பதாக நினைத்துப் புதுப் பதிவுத் திரையைத் திறந்தேன். தொழிற்சாலை நம்பரைத் தட்டினேன். ஐசியைத் தட்டினேன். பெயர் கட்டத்துக்கு வந்ததும் கை நின்றது. அக்காவின் பெயரை மறுபடி அவளுக்குப் போட மனம் வரவில்லை. வேறு பெயர் எனக்குத் தெரியாது. வெறுமையாக விட்டுச் சேமிக்கப் பார்த்தேன். திரை ஏற்கவில்லை. பெயர் இல்லாத ஆளை உள்ளே விடாதே என்று அதற்கு எழுதி வைத்திருந்தவளும் நான்தான்.